அண்ணைக்குக் கிடைத்த சனிக்கிழமை

1993 நவம்பர் 20, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. தூறல், குளிர் இரண்டு பாகை. அண்ணையின் பூதவுடலை ஏற்றிய வண்டி இல்ஃபோர்ட் பெருந்தெருவில் திடீரென நின்றது. அவர் இறந்து முப்பத்தோராம் நாளாகிய இன்றும் அந்த அதிர்ச்சி எனக்குத் தீரவில்லை.

அண்ணை சாவகச்சேரியில் பிறந்தவர். அங்கே பதினொரு வருடம் புடவைக்கடையில் வேலை செய்துவிட்டு 1980இல் லண்டன் வந்தார். திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் விற்ற ஓர் ஐரிஷ் குடும்பம் அவருக்கு வேலை கொடுத்தது. தாயும் இரண்டு மகன்மாரும் நடத்திய அந்த வியாபாரத்துக்கு அப்போது இரண்டே கடைகள். பிறகு உடுப்பு, பாத்திரம், தளபாடம் என்று மாடி மாடியாக வளர்ந்து ஒன்பது கடைகளாயின. லண்டனின் பார்க்கிங் பகுதி முதல் ஸ்ட்ரெதம் பகுதி வரை புதிதாகத் திறந்த ஏழிலும் முதல் மூன்று மாதம் நின்று ஆட்களைப் பழக்கியவர் அண்ணைதான். ஒரு சனிக்கிழமைகூட லீவு எடுத்ததில்லை.

1988இல் என் மகளின் திருமணம் ஒரு சனிக்கிழமை நடந்தது. அன்றுதான் ஸ்ட்ரெதம் கடையும் திறந்தார்கள். பெரியப்பாவாக மணவறையருகே நிற்க வேண்டியவர், தாலி கட்டி நாலு மணித்தியாலம் கழித்து வந்தார். சபை நடுவே சொன்னேன்:

"அண்ணை, நீங்கள் செத்தாலும் உங்கட முதலாளிமார் ஒரு சனிக்கிழமை லீவு விடமாட்டினம்."

"விடாட்டில் என்னடாப்பா, அண்டைக்கு எனக்கும் ஒரு அவசரமும் இராது" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ஐந்து வருடம் அவரோடு பேசவுமில்லை. நவம்பர் 14 காலை மாரடைப்பு. இனிப் பேச வழியில்லை.

இறுதி ஊர்வலம் இல்ஃபோர்ட் கடை வழியாகத்தான் போக வேண்டும் என்றார் அண்ணி. "சுத்துப் பாதை, காசு கூட" என்று நான் தடுத்தும் அவர் கேட்கவில்லை.

வண்டி நின்ற இடத்தில் கடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. நடைபாதையில் குடையில்லாமல் வரிசையாகக் கடை ஆட்கள். எண்ணினேன்: நூற்றுப்பதினேழு பேர். எண்பது வயது முதலாளியம்மா வண்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அவரின் மூத்த மகனிடம் கேட்டேன். இன்று ஒன்பது கடையும் திறக்காது என்றார்.

 அண்ணி என்னைப் பார்த்தார்.

"ஒரு சனிக்கிழமை விட்டிட்டினம், தம்பி."

அந்த நூற்றுப்பதினேழு பேருக்கும், முப்பத்தொரு நாளும் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், தேவாரம் பாடிய உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வண்டி அங்கே நின்றது பதினான்கு நிமிடம். அதற்காக, ஏன் என்று கேட்காமல், பற்றுச்சீட்டும் வாங்காமல் வண்டிக்காரருக்கு நான் கட்டிய மேலதிகத் தொகை நாற்பத்திரண்டு பவுண்.