தொட்டி மீன்களின் நோன்பு

எங்கள் வீட்டுக்குக் கப்பி மீன் வந்த கதையைச் சொல்லத் தொடங்கினால் இன்றைக்கும் எனக்கு நிலைகொள்ளாது. தம்பி டெங்குக் காய்ச்சலோடு திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்து, குறிஞ்சாக்கேணி வீட்டுக்குத் திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இன்னொரு தரம் நுளம்பு கடித்து டெங்கு வந்தால் இதைவிட மோசமாகலாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு நுளம்பின் சத்தம் கேட்டாலே உம்மா வெலவெலத்துப் போவார். அந்த நேரம் பார்த்துத்தான் சுகாதாரப் பரிசோதகர் வந்து, பின்வளவுத் தண்ணீர்த் தொட்டியில் வெள்ளைக் கோப்பையை அமிழ்த்தி எடுத்து, அதற்குள் நெளிந்த நுளம்புப் புழுக்களைக் காட்டினார். உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பரிசோதகர் ஒரு சொப்பிங் பையை அவிழ்த்துத் தொட்டிக்குள் கவிழ்த்தார். விரல் நீளம்கூட இல்லாத மீன்கள்!

“இதுகள் புழுவைத் தின்னும். வேற சாப்பாடு ஒண்டும் போடப்படாது. திரும்ப வரக்குள்ள புழு இருந்தா, தொட்டிய உடைக்கத்தான் வேணும்” என்றார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடுவேன். அலங்காரமெல்லாம் ஆண்மீனுக்குத்தான். செம்மஞ்சளும் நீலமுமாக விசிறி வாலை ஆட்டிக்கொண்டு, சாம்பல் நிறப் பெண்மீனுக்குப் பின்னாலேயே திரியும். ஒருநாள் ஒரு பெருவயிற்றுக்காரியிடமிருந்து கறுப்பாக ஏதோ விழுந்தது. விழுந்ததும் நீந்தியது! முட்டையுமில்லை ஒன்றுமில்லை, கண்ணும் வாலுமாக நேரே குட்டி!

“மீன் குட்டி போடுது!” என்று நான் போட்ட கூச்சலில் வாப்பா தலையில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தார். அதற்குள் தாய்மீன் திரும்பி, தான் பெற்றதையே லபக்கென்று விழுங்கிவிட்டது. எனக்கு வந்த கோபம்! “சீ, நீயெல்லாம் ஒரு உம்மாவா!” என்று தண்ணீரில் ஓங்கி அடித்தேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், பாவம், பசி தாங்காமல்தான் அப்படிச் செய்தது என்று முடிவு கட்டினேன்.

அந்தக் கிழமை நோன்பு தொடங்கியது. என் மூளை பளிச்சென்று வேலை செய்தது. மீன்களும் நோன்புதான் பிடிக்கின்றன! அப்படியென்றால் பகலில் சாப்பாடு போடக்கூடாது, சரி. அந்தியில் மஃரிப் பாங்கு சொன்னதும் நோன்பு திறக்கத்தானே வேண்டும்? பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு, பேக்கரிப் பாண் துண்டோடு தொட்டிக்குப் பறந்தேன். அப்பப்பா, அதுகளின் துள்ளல்! ஊரிலேயே மீனுக்கு நோன்பு திறந்து வைத்தவள் நான் ஒருத்திதான் என்ற பெருமையில் எனக்கு நோன்புக் கஞ்சிகூட இறங்கவில்லை. பிறகு நாள் தவறாமல் அதே வேலைதான்.

நோன்பு பாதியில் பரிசோதகர் வந்து கோப்பையை அமிழ்த்தினார். புழு நெளிந்தது.

“மீனெல்லாம் கொழுத்துக் கிடக்கு. ஆர் சாப்பாடு போட்டது?”

“நோன்பு திறக்கத்தான் சேர் குடுத்தனான்” என்று நான் ஓவென்று அழுதேன்.

வாப்பா தொண்டையைச் செருமினார். “விடியக் காலையில சுபஹ் தொழுதிட்டு வந்து நானும் கொஞ்சம் பாண்... வாயில்லாச் சீவன்தானே சேர்.”

குசினி வாசலில் அகப்பையோடு நின்ற உம்மா தலையை நிமிர்த்தவேயில்லை. “பகல்ல நானும் சோறு போட்டனான்.”

பரிசோதகர் கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து சிரி சிரியென்று சிரித்தார். “இந்த நோன்புல மூண்டு வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டது உங்கட மீன் மட்டும்தான்! ஒரு கிழமை தவணை தாறன். ஒருத்தரும் ஒண்டும் போடாதீங்க. பசிச்சாத்தான் புழுவைத் தேடும்.”

மறுநாள் பின்னேரம் உம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டியருகே நின்றார். ஆளைக் கண்டதும் மீன்களெல்லாம் ஓடி வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“ஆஸ்பத்திரியிலயும் தம்பி இப்பிடித்தான்... தண்ணி தண்ணி எண்டு வாயத் திறந்து திறந்து கேட்டான். டொக்டர் அளந்துதான் குடுக்கச் சொன்னார். குடுக்காம இருந்தனான், மகள்.”

“மீன் தண்ணி கேக்காது உம்மா. அது தண்ணிக்குள்ளதானே இருக்கு” என்று நான் சமாதானம் சொன்னேன்.

உம்மா தம்பியை இன்னும் இறுக்கிக்கொண்டு அழுதார். அந்த நேரம் பார்த்து ஒரு மீன் சட்டென்று திரும்பி ஒரு புழுவைக் கவ்வியது. “தின்னுது! புழுவத் தின்னுது!” என்று கத்திக்கொண்டு, அதைச் சொல்ல நான் வாப்பாவிடம் ஓடினேன்.