ஏழு நிமிடத் தண்ணீர்

சென்ற ஆண்டு பங்குனி மாதம் திண்டிவனத்தில், எங்கள் தெருவில் நடந்தது இது. பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால், மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது தெரு. நாற்பத்தாறு வீடுகள், ஒன்பது விளக்குக் கம்பங்கள். அவற்றில் அப்போது எரிந்தவை ஆறு. நான் நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்து அளந்தே வயதானதால், எதைப் பார்த்தாலும் எண்ணி விடுவேன். எண்ணியதில் ஒன்று குறைந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

எங்களுக்குக் குடிதண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வரும். நாற்பத்தைந்து நிமிடம் என்பது கணக்கு. தெருமுனையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வால்வுக் குழிகள். ஒன்று எங்கள் தெருவுக்கு, இன்னொன்று தெருவின் கடைசியில் வலது பக்கம் திரும்பும் சந்துக்கு. தண்ணீர் திறப்பவர் சைக்கிளில் வருவார். நீளமான இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு இரண்டையும் திறப்பார். நேரம் ஆனதும் மூடுவார். ஒப்பந்த ஊழியர். ஒன்பது வருடமாக அதே வேலை, அதே சைக்கிள்.

அதற்கு முந்தைய கார்த்திகை மாதத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. நாற்பத்தைந்து நிமிடம் முடிவதற்குள் குழாய் நின்று விடுகிறது. கைக்கடிகாரத்தோடு தெருமுனையில் போய் நின்றேன். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் அவர் எங்கள் வால்வை மூடினார். அடுத்த முறையும் முப்பத்தெட்டு. நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். நாற்பது நாள் தண்ணீர் வந்ததில் முப்பத்தாறு நாள் முப்பத்தெட்டு நிமிடம். மற்ற நாலு நாள் ஒரு நிமிடம் முன்னே பின்னே. ஏழு நிமிடத்தை இந்த மனிதர் யாருக்கோ விற்கிறார், அல்லது சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார் என்று முடிவு கட்டினேன். நோட்டோடு நான் நிற்பதை அவர் பார்த்தார். ஒரு நாள் சிரித்துக்கூட வைத்தார். நான் சிரிக்கவில்லை.

விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் மனு வாங்குவார்கள். அட்டவணை போட்டு, கோடு கிழித்து, மூன்று பக்கம் எழுதிக் கொண்டு போய்க் கொடுத்தேன். மேசையில் இருந்த பெண் அலுவலர் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியதில்லை என்றார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது. என் மனைவி மட்டும், “ஒங்களுக்கு எண்றதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பதினாறாம் நாள் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. மறுமுறை தண்ணீர் திறக்க வேறொரு ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தார். இரண்டு வால்வையும் திறந்துவிட்டு வண்டி மேல் உட்கார்ந்து போன் பார்த்தார். சரியாக நாற்பத்தைந்து நிமிடத்தில் மூடினார். எங்கள் வீட்டுத் தொட்டி வழிந்தது. இரண்டு நாள் கழித்தும் அதே நாற்பத்தைந்து.

மூன்றாம் முறை தண்ணீர் வந்த காலையில் எங்கள் கேட்டைத் தட்டிக் கொண்டு ஓர் அம்மாள் நின்றார். சந்தின் முனையில் இட்லி சுட்டு விற்பவர். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.

“சார், ரெண்டு கொடம் புடிச்சிக்கட்டுங்களா? அஞ்சு வீட்ல கேட்டுட்டேன். மோட்டார நிறுத்த முடியாதுன்றாங்க.”

உங்கள் சந்தில்தான் இரண்டு தெருக்குழாய் இருக்கிறதே என்று கேட்டேன்.

“கொழா இருக்குது சார், காத்துதான் வருது. தண்ணி தொறக்கிறவரு போனதுலருந்து ஒரு சொட்டு இல்ல. எவனோ படிச்சவன் மனு எழுதிப் போட்டுட்டானாம், மணியெல்லாம் குறிச்சிக்கினு.”

அந்தப் படிச்சவன் முன்னால்தான் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுக் குழாயில் பிடித்துக் கொள்ளச் சொன்னேன். இரண்டு குடம் நிறைந்ததும், இன்னும் இரண்டு எடுத்துப் போங்கள் என்றேன். போகும்போது, நீங்க நல்லா இருக்கணும் சார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பழைய ஆள் எங்கே என்று விசாரித்தேன். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறார் என்றார்கள். மறுநாள் போனேன். தராசுக்குப் பக்கத்தில் மூட்டையை இறக்கிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக் கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு காலி சாக்கை மடித்துப் போட்டு உட்காரச் சொன்னார். மனு யாருடையது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. விசாரணையில் என் அட்டவணையைக் காட்டித்தான் கேட்டிருக்கிறார்கள்.

“நீங்க எழுதினது ஒண்ணும் தப்பில்ல சார். முப்பத்தெட்டு நிமிஷம் கரெக்டு. நானும் மணி பாத்துதான் மூடுவேன்.”

மீதி ஏழு நிமிடம் என்ன ஆனது என்று கேட்டேன். அவர் சொன்ன விவரம் இதுதான். சந்து எங்கள் தெருவை விட மேடு. இரண்டு வால்வும் திறந்திருக்கிற வரைக்கும் தண்ணீர் முழுவதும் எங்கள் தெருவுக்குள் பாய்ந்துவிடும், சந்துக்கு ஏறாது. அதனால் எங்கள் வால்வை முப்பத்தெட்டாவது நிமிடத்தில் மூடிவிட்டு, சந்தின் வால்வை மட்டும் கடைசி ஏழு நிமிடம் திறந்து வைப்பார். இரண்டு குழாயிலும் சேர்த்து இருபத்திரண்டு குடம் பிடிக்கலாம். அங்கே பதினொரு வீடுகள். வீட்டுக்கு இரண்டு குடம். குடிக்கவும் சமைக்கவும் இரண்டு நாளைக்கு அவ்வளவுதான். நான் தெருமுனையில் கடிகாரத்தோடு நிற்பேனே தவிர, எங்கள் வால்வு மூடியதும் நோட்டை மடித்துக் கொண்டு வீட்டுக்குப் போய் விடுவேன். அடுத்த குழியில் அவர் இன்னும் உட்கார்ந்திருப்பதை நாற்பது நாளும் நான் பார்க்கவில்லை.

எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க கேக்கலியே சார். வாட்ச பாத்துக்கினு நின்னீங்க.”

அலுவலகத்திலாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு அவர் சிரித்தார்.

“தண்ணி ஏன் ஏறலன்னு கேப்பாங்க. மோட்டாருன்னு சொல்லணும். வந்து எல்லாத்தையும் கழட்டுவாங்க. தெருவே என்மேல பாயும். ஏழு நிமிஷத்துல முடியிற வேலைக்கு எதுக்கு சார் அத்தினி பேஜாரு?” தலைத்துண்டைத் திரும்பக் கட்டிக் கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “ஒங்க நோட்டுல மோட்டாரு எத்தினின்னு எழுதினீங்களா சார்?”

எழுதவில்லை. குடிதண்ணீர்க் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அரைக் குதிரைத் திறன் மோட்டார் எட்டு வருடமாக ஓடுகிறது. எல்லோரும் வைத்திருந்ததால் அது எண்ண வேண்டிய பொருளாகவே என் கண்ணில் படவில்லை. எழுந்து வரும்போது இன்னொன்றையும் கேட்டுக் கொண்டேன். மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. புகார் கோப்பில் இருக்கும் வரை புதுப்பிக்க மாட்டார்களாம். அதற்கு மீதி இருந்தது பதினொரு நாள், நடுவில் ஒரே ஒரு திங்கட்கிழமை.

அடுத்து தண்ணீர் வந்த காலையில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காதைத் தீட்டிக் கொண்டு நடந்தேன். மோட்டார் ஓடினால் வெளியே கேட்கும். நாற்பத்தாறு வீட்டில் முப்பத்தொன்பது மோட்டார். பிறகு ஒரு கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் ட்யூபை இரவல் வாங்கி, அவரையே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் தெருவை விடச் சந்து மூன்றே முக்கால் அடி உயரம். இந்த ஊரைச் சுற்றி நான் அளக்காத கிராமம் குறைவு. ஆனால் எங்கள் வேலையில் நீள அகலம்தான் அளப்போம், மேடு பள்ளம் அளப்பதில்லை. பதினெட்டு வருடமாகக் குடியிருக்கும் தெருவில் அதை நான் கவனிக்காததற்கு இந்தச் சமாதானம் போதாது என்பதும் எனக்குத் தெரிந்தது.

மனைவியிடம் சொன்னேன். மோட்டாரைக் கழற்றிவிடுவார்கள், உனக்குத்தான் முழங்கால் வலி என்று இழுத்தேன்.

“கழட்டட்டும். கொடம் தூக்கப் போறது நீங்கதானே” என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் பத்து நிமிடம் நின்றது. கூட்டம் முடிந்துவிடுமோ, மேசையில் வேறு ஆள் இருப்பாரோ என்று எனக்குள் கவலை. அதே பெண் அலுவலர்தான் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்து கொண்டார். மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“போன தடவ அவர் மேல நடவடிக்கை எடுக்கச் சொன்னீங்க. இப்ப வேலைக்கு எடுங்கன்றீங்க. இன்னா சார் இது?”

நிமிடக் கணக்கு சரி, அதிலிருந்து நான் செய்த முடிவு தப்பு என்றேன். நின்றுகொண்டே ஏழு நிமிடம், இருபத்திரண்டு குடம், மூன்றே முக்கால் அடி எல்லாவற்றையும் சொன்னேன். என் பின்னால் வரிசையில் நின்றவர் ஜல்தி ஜல்தி என்று முணுமுணுத்துக் கொண்டே இருந்தார். அலுவலர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை மூடி வைத்தார். இதை மேலே அனுப்ப வேண்டுமானால் மோட்டாரையும் எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினால் ஆள் வந்து கழற்றுவார்கள், தெருவில் உங்களுக்குக் கெட்ட பெயர் வரும், யோசித்துக் கொள்ளுங்கள் என்றார். மோட்டாரை விட்டுவிட்டு, மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்கவும் வழி இருந்தது. அப்படிச் செய்தால் தண்ணீர் திறப்பவர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் காரணம் கோப்பில் இருக்காது. நாளைக்கு இன்னொருவன் கடிகாரத்தோடு வந்து நிற்பான்.

“எழுதிக்குங்கம்மா” என்றேன். “முதல் மோட்டார் என் வீட்டுது.”

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு எழுதினார்.

மூன்றாம் நாளே நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் கேட்டுக் கொண்டபடி முதலில் எங்கள் வீட்டு மோட்டாரைக் கழற்றினார்கள். மற்ற வீடுகளுக்கு ஒரு வாரம் நோட்டீஸ் கொடுத்தார்கள். தெருவில் என்னோடு பேசிக் கொண்டிருந்த வீடுகள் இருபத்து மூன்று. அந்த வாரம் பேசியவை ஐந்து. எதிர்வீட்டுக்காரர் என் காதில் விழும்படியாகவே, ரிட்டயர்டு ஆனவங்களுக்குப் பொழுது போவலன்னா இப்படித்தான் என்று சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. தண்ணீர் இப்போது குழாயில் மெதுவாகத்தான் வருகிறது. தொட்டி நிறைவதில்லை. காலையில் எட்டுக் குடம் தூக்குகிறேன். முதல் நாள் இரண்டு குடத்துக்கே மூச்சு வாங்கியது.

மாதக் கடைசிக்கு முதல் நாள் பழைய ஆளை வேலைக்கு எடுத்துக் கொண்டார்கள். கடைசி ஏழு நிமிடம் சந்துக்கு என்று அவருக்கு எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த முதல் காலையில் நான் தெருமுனைக்குப் போனேன். அவர் எங்கள் வால்வை மூடிவிட்டு, கூட வாங்க சார் என்று கூப்பிட்டார். நடந்து சந்துக்குப் போனோம். குழாயடியில் பதினொரு வீட்டுக் குடங்களும் வரிசையாக இருந்தன. அங்கே தெருக்குழாய் சீறிக் கொண்டு வந்து, பிறகு நிதானமானது. எந்த வீட்டு முறை முதலில் என்று அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் மூன்றாவது குடம் பிடிக்கவில்லை.

இட்லிக்கடை அம்மாளிடம் அந்த மனு நான் எழுதியதுதான் என்று அங்கேயே சொன்னேன். அவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், “தெரியும் சார். அப்பறமா சொன்னாங்க. அன்னிக்கு நாலு கொடம் குடுத்தீங்களே, அப்பவே எனுக்கு இன்னாவோ போல இருந்துச்சி. எங்க சனத்துக்கு யாரு கேட்காம ரெண்டு கொடம் சேத்துக் குடுப்பா?” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் நான் மனு எழுதுவதை விடவில்லை. தெரு விளக்குக்கு ஒன்று, சாக்கடை அடைப்புக்கு ஒன்று என்று இரண்டு எழுதி, இரண்டும் பலித்தன. ஆனால் ஒரு மனிதர் மேல் குறை எழுத உட்காரும்போது மட்டும், முதலில் அவர் வேலை செய்கிற இடத்துக்குப் போய், வேலை முடியும் வரை நின்று, அவரிடமே கேட்டுவிட்டு வருகிறேன். அப்படிக் கேட்டதில் மூன்று மனுக்கள் எழுதப்படாமலே போயின, அந்த மூன்றைத்தான் நான் எழுதியவற்றில் சிறந்தவையாக நினைக்கிறேன்.