துடைத்து வைத்த கத்தரிக்கோல்

தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் அப்பா வைத்த புடவைக் கடையை இப்போது நான் நடத்துகிறேன். கடையில் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒருவர் இருபது வருடமாக ஜாக்கெட் துணி வெட்டிக் கொடுப்பவர். சுரங்கத் தொழிலாளியின் மகள். இன்னொருத்தி போன வருடம் சேர்ந்தவள், பி.காம். முடித்துவிட்டு, வேலைக்காகத் தினமும் பெங்களூரு ரயிலுக்கு அலைய மாட்டேன் என்று இங்கே வந்தவள். மூன்றாவது ஆளுக்குச் சம்பளம் கிடையாது. அவர் என் நண்பர், ஓய்வுபெற்ற பொருளாதார வாத்தியார். காலையில் என் பேப்பரை எனக்கு முன்னால் படிப்பதுதான் அவர் உத்தியோகம்.

குறைந்தபட்சக் கூலியை உயர்த்தப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்த அன்று எங்களுக்குள் நல்ல சண்டை. கூலி கூடினால் சின்னக் கடைக்காரன் ஆளைக் குறைப்பான் என்றேன் நான். கூலி கூடினால்தான் ஜனங்கள் உன் கடைக்கே வருவார்கள், வேலைக்கு வந்தவர்களும் விட்டுப் போக மாட்டார்கள் என்றார் அவர். அந்த நாட்டில் அப்படி, இந்த நாட்டில் இப்படி என்று அடுக்கினார். எனக்கு வாதத்தில் தோற்கப் பிடிக்காது. தோற்கிற மாதிரி இருந்தால் குரல் தானாக ஏறிவிடும்.

"ரெண்டு பேருக்கும் குடுக்க முடியாதுய்யா. ஒருத்தர அனுப்பிச்சிடுவேன், அப்போ இன்னா சொல்லுவ?" என்று கத்தினேன். இரண்டு பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். டீ வந்தது, குடித்தோம். நான் அதோடு மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை கல்லாவின் மேல் கத்தரிக்கோல் இருந்தது. மூத்தவர் அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, பக்கத்தில் இஞ்ச் டேப்பைச் சுற்றி வைத்திருந்தார். எங்கள் ஊர்க்காரனுக்கு இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்தில் வேலையை விட்டுப் போகிறவர்கள் தலைவிளக்கைத் துடைத்து ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். அவர் அப்பாவும் அப்படித்தான் வந்தார்.

சின்னவள் இனிமேல்தான் வாழ வேண்டியவள், அவள் இருக்கட்டும், நான் போகிறேன் என்றார் மூத்தவர். அவர் முகத்தில் கோபமே இல்லை. வாத்தியாரோடு வாய்க்கு வந்ததைப் பேசினால் அதைப் போய் நிஜமென்று எடுத்துக்கொள்வதா என்று நான்தான் கோபப்பட்டேன். அதில் பாதி நிஜம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அடுத்து அந்த அசட்டு யோசனையைச் சொன்னேன். ரெஜிஸ்டரில் புதுக் கூலிக்குக் கையெழுத்துப் போடட்டும், கையில் பழைய கூலியை வாங்கிக்கொள்ளட்டும், இரண்டு பேருமே இருக்கலாம் என்றேன். பெரிய தாராள மனசுக்காரன் என்று நினைப்பு வேறு.

அவர் டேப்பை நேராக்கி வைத்தார்.

"போவச் சொன்னா போறேண்ணா. கொறச்சி வாங்க மாட்டேன். கூலி ஏத்திக் கேக்காம இருந்தா சொரங்க ஷாஃப்ட மூட மாட்டாங்கன்னு எங்கப்பா நம்புனாரு. கடசி வரைக்கும் கேக்கவே இல்ல. மூடத்தான செஞ்சாங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். ரெண்டு பேருக்கும் புதுக் கூலிதான் என்று திட்டுவதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

தன் கட்சி ஜெயித்தது என்கிறார் வாத்தியார். ஒத்துக்கொள்வேனா? கூடின கூலியை ஈடுகட்ட, பக்கத்து ஊர் பேத்தமங்களாவுக்கு ஆட்டோவில் அனுப்பிக்கொண்டிருந்த துணி மூட்டையை இப்போது நானே ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போகிறேன். ஆட்டோக்காரருக்கு அந்தச் சவாரி போனதே, அதற்கென்ன பதில் என்றேன். வாத்தியார் பேப்பரைத் திருப்பினார். நான் மடித்து வைக்கிற புடவைகளைச் சின்னவள் சிரித்துக்கொண்டே பிரித்து மறுபடி மடிக்கிறாள்.

மூத்தவர் எப்போதும்போல வருகிறார். கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசி வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைக்கிறார். அவர் இல்லாத கடையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒன்றுதான் மாறியிருக்கிறது. இருபது வருடமாகக் கடை மூடும்போது மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போன கத்தரிக்கோலை, இப்போது தினமும் தன் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார். மறுநாள் காலையில் கொண்டுவருகிறார். கடைச் சாமான்தான். இனி என் வார்த்தையை நம்பி அதை இங்கே விட்டுப் போக மாட்டார் போலிருக்கிறது; ஏன் என்று நான் கேட்கவில்லை.