மாதர் சங்கத்து ஊஞ்சலுக்குப் பதினாறு போல்ட்

மானிப்பாயில் உதயகலாவின் கடைக்கு நட், போல்ட் வாங்கப் போனால் முதலில் கேள்விதான் கிடைக்கும். என்னத்துக்கு? எவ்வளவு பாரம்? ஆடுமா, அசையாமல் நிற்குமா? ஒரு பஸ் பட்டறையின் களஞ்சியத்தில் பதினொரு வருஷம் வேலை செய்துவிட்டுச் சொந்தக் கடை போட்டவள் அவள். "பொம்பிளை பாக்கப் போனாலும் இவ்வளவு கேக்கமாட்டினம்" என்று வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள்.

போன ஆனியில் பண்டத்தரிப்பு மாதர் சங்கத் தலைவி இரத்தினம்மா வந்தார். பூங்காவில் சிறுவர் ஊஞ்சல் ஒன்றில் ஏறிய அவரைக் காவலாளி இறக்கிவிட்டானாம். அந்தக் கோபத்தில் சங்கம் கூடி, ஆறு பெண்கள் ஒன்றாக இருந்து ஆட ஒரு இரும்பு ஊஞ்சல் செய்வதென்று தீர்மானித்திருந்தது. உதயகலா புதிதாக வந்த பெட்டியை உடைத்துப் பதினாறு போல்ட் கொடுத்தாள். தலையில் 8.8 என்று பலக்குறி இருந்தது. நட்டிலும் அதற்கு ஒத்த 8 இருந்தது.

எந்தப் புதுப் பெட்டியிலும் இரண்டை இறுக்கிப் பார்த்துத்தான் விற்பாள். அந்த வாரம் அவசரத்தில் தவறவிட்டாள். திறப்பு விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் ஞாபகம் வந்து, அந்தப் பெட்டியில் மிஞ்சிய ஒன்றை இரும்புத் தகட்டில் பூட்டி இறுக்கினாள். இறுக்க வேண்டிய அளவு வந்ததும் அவளுடைய ஸ்பானர் 'டிக்' என்று சத்தமிட வேண்டும். சத்தம் வரவில்லை. இறுக்க இறுக்கப் போல்ட் இழுபட்டுக்கொண்டே போனது. கழற்றி அளந்தாள். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் நீண்டிருந்தது. அடுத்ததும் அப்படியே.

கடையைப் பூட்டிவிட்டு, முன்பே சோதித்து விற்றுவந்த பழைய போல்ட் பெட்டி ஒன்றை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு பண்டத்தரிப்புக்கு ஓடினாள். இரும்பை வெல்டிங் செய்து ஊஞ்சலைப் பொருத்திய கிறிஸ்ரோபர் அதற்கு நிறம் பூசிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, போல்ட் எல்லாத்தையும் கழட்டுங்கோ. நான் தந்தது பிழையான சாமான்."

"நான் இறுக்கேக்கை நல்லாத்தானே நிண்டது, தங்கச்சி?"

"இப்ப நிக்கும். ஆடத் தொடங்கினால் நிக்காது."

இரத்தினம்மா பதறிப்போனார். "நாளைக்குத் திறப்பு விழா, பிள்ளை. ஊர் முழுக்கச் சொல்லியாச்சு."

"அதுக்குத்தான் ஓடி வந்தனான், அக்கா. சோதிக்காமல் தந்தது என்ரை பிழை. பின்னேரத்துக்குள்ளை மாத்தித் தாறன்."

இரத்தினம்மா தலையாட்டினார். "வந்து சொன்னியே, அது போதும். என்ன செய்யவேணும், சொல்லு."

பழைய பெட்டியில் இரண்டை எல்லோர் முன்னாலும் இறுக்கினாள். 'டிக்'. கழற்றி அளந்தாள், மயிரிழையும் நீளவில்லை. பிறகு ஒவ்வொரு நட்டையும் விரலாலேயே சுற்றிப் பார்த்தாள். பாதியில் சிக்கியவற்றை ஒதுக்கினாள். வாஷரிலும் மெல்லியதைத் தள்ளிவிட்டு, அழுத்தத்தில் குழியாத தடித்ததை எடுத்தாள். பதினாறும் பூட்டியானதும் நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளை நிறத்தால் ஒரு கோடு இழுத்தாள். நட் அசைந்தால் கோடு முறியும்.

பக்கத்தில் மண்டபம் கட்டக் குவித்திருந்த சீமெந்து மூட்டைகளில் இருபதைப் பெண்களே தூக்கி ஊஞ்சலில் அடுக்கினார்கள்.

"மூட்டை ஐம்பது கிலோப்படி ஒரு தொன், அக்கா. ஆறு பேரின்ரை பாரத்தைவிட ரெண்டு மடங்கு."

"எங்களை நீ நிறுத்துப் பாக்கேல்லைத்தானே!" என்றார் இரத்தினம்மா. ஒரே சிரிப்பு. ஒரு மணித்தியாலம் பிளேன்ரீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பதினாறு கோடுகளும் முறியாமல் அப்படியே இருந்தன.

அடுத்த நாள் காலை, நாடா வெட்டியதும் பிரமுகர்களின் பேச்சுக்கு ஒருவரும் காத்திருக்கவில்லை. இரத்தினம்மா சேலையைச் செருகிக்கொண்டு முதலில் ஏறினார். பின்னால் நின்ற உதயகலாவை இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். ஊஞ்சல் வேப்பங்கொப்பு மட்டுக்கு உயர்ந்தது. "இன்னும் உந்துங்கோ, அண்ணை!" என்று கத்தியது உதயகலாதான். உந்திக் களைத்த கிறிஸ்ரோபர், தனக்கும் ஒருதரம் ஏற இடம் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். மாதர் சங்கம் அதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பதாகச் சொல்லிவிட்டது.