என்ன முறை?

தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் அந்த டாக்டரம்மாவைச் சந்தித்தேன். தசை வலுவிழக்கும் நோயுள்ளவர்களை நாடு முழுவதும் தேடிப் பதிவு செய்யும் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவர்களில் அவரும் ஒருவர். நரைத்த குட்டை முடி, யாழ்ப்பாணப் பேச்சு. வருகிற பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டு, "ஆர் முதல்ல எழும்புறது?" என்று பந்தயம் வைப்பார். அந்த நோயுள்ள என் மகன் தொடையில் கையூன்றி எழும்வரை, தானும் எழ முடியாதவர்போல் முனகினார். மகன் சிரித்தான்.

பிறகு என்னிடம் கேட்டார். "உங்கட வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன முறை?"

"மாமா" என்றேன்.

"அம்மாவின்ர தம்பியோ? சொந்தத்துக்குள்ள முடிச்சதால இது வந்திருக்கலாம்."

என் தங்கை அப்போது கர்ப்பமாக இருந்தாள். அவள் சொந்தத்தில் கட்டவில்லை. அவள் பிள்ளை தப்பித்தது என்று ஒரு கணம் மனம் லேசானது. அதன் பிறகுதான் டாக்டரின் தவறு எனக்கு உறைத்தது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு சொன்னேன்.

"டாக்டர், அவரு சொந்தமில்ல. நாங்க புருஷன மாமான்னுதான் கூப்பிடுவோம் லா."

அவர் உரக்கச் சிரித்துவிட்டார். "ஐயோ, பந்திங் ஊரில எத்தனை பேரைத் தாய்மாமனெண்டு எழுதினேனோ! திரும்பப் போய்க் கேக்க வேணும்."

"அப்ப மாசமா இருக்கிற என் தங்கச்சி பிள்ளைக்கும் இது வருமா?"

சிரிப்பு அடங்கியது. "தெரியாது, அம்மா. அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அதற்கு முன் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் ஏதோ ஒரு பதில் சொல்லித்தான் அனுப்பினார்கள். தெரியாது என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். அடுத்த வாரமே தங்கையை அழைத்துப் போனேன். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை ஏன் அவ்வளவு நம்பினேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.