சீஸ் உருண்டைக்கு உப்பு

அந்தச் சமையற்காரர் குற்றாலத்திலிருந்து வந்திருந்தார். நெற்றியில் வட்டக் குங்குமம், முழங்கைவரை மைதா. கடையநல்லூரில் எங்கள் வீட்டில் அன்று, மகளைக் கட்டிக்கொடுத்த புது சம்பந்தி வீட்டாருக்கு நோன்பு திறப்பு விருந்து. மருமகன் சீஸ் உருண்டை கேட்டிருந்தார்.

பிசைந்த உருளைக்கிழங்கில் நான் உப்பைப் போட்டுவிட்டேன். தெரியாமல் அவரும் போட்டுவிட்டார். சீஸிலும் உப்பு உண்டு. நோன்பு திறக்கும் பாங்குக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. வீட்டில் எல்லோரும் நோன்பு. ருசி பார்க்க அவர் ஒருவர்தான்.

"கொஞ்சம் வாயில வச்சுப் பாருங்களேன்."

"மாட்டேன்க்கா. வீடே வாயைக் கட்டிக்கிட்டு இருக்கு. நான் மட்டும் மெல்லவா?"

"சம்பந்தி முன்னால என் மானம் போகணுமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் இன்னும் நாலு கிழங்கை உப்பில்லாமல் வேகவைத்துச் சேர்த்தார். ஒவ்வொரு உருண்டையையும் முகர்ந்து பார்த்துத்தான் எண்ணெயில் விட்டார். முகர்ந்தால் உப்பு தெரியுமா? எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

பாங்கு சொன்னார்கள். சம்பந்தியம்மா கஞ்சி குடித்துவிட்டு உருண்டையைக் கடித்தார். என் பேரீச்சம்பழம் கையிலேயே இருந்தது.

"இன்னும் ரெண்டு வைங்க" என்றார்.

அடுக்களைக்கு ஓடினேன். சமையற்காரர் உதடு காய்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"உப்பு சரியா இருக்காக்கா?"

தலையாட்டினேன்.

"பாங்கு சொல்லியாச்சுல்லா?" என்று கேட்டுக்கொண்டே சொம்பை எடுத்தவர், ஒரே மூச்சில் குடித்து முடித்தார். மத்தியானத்திலிருந்து அந்த அடுப்பு வெக்கையில் அவர் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.