பீர் டின்னில் ஒரு டீ

அதியமான்கோட்டையில் பஸ் டீக்காக நிற்கிறது. என் கையில் ஒரு லிட்டர் அலுமினிய டின். பெங்களூரில் நம் கண்ணெதிரே பீரை நிரப்பி, மெஷினில் மூடித் தருவார்கள். நேற்றே குடித்தாயிற்று, தூக்கிப்போட மனமில்லை. மேல்மூடியை வெட்டிக் கழுவி வைத்திருக்கிறேன். பேப்பர் கப்பை வெறுப்பவன் என்று ஊருக்கே தெரியும்படி அதை நீட்டி டீ கேட்கிறேன்.

பக்கத்தில் ஓர் அக்கா, தக்காளி பறிக்கும் ஆட்களுக்குக் கைப்பிடி வைத்த தூக்குப்போசியில் டீ வாங்கிக்கொண்டு நிற்கிறார். "என்னாங்க சார் இது?"

கேட்டிருக்கக் கூடாது. நான் ஆரம்பித்துவிட்டேன். அந்தக் காலத்து அமெரிக்காவில் பீரைக் கடையிலிருந்து வாளியில்தான் வாங்கிப்போவார்களாம். உள்ளிருக்கும் வாயு மூடியைத் தள்ளி உறுமுமாம். அதனால் வாளிக்கு உறுமுவது என்ற பொருளில் growler என்று ஒரு பேர். பிறகு இந்த டின் வந்ததும், கேன் என்ற சொல்லையும் அந்தப் பேரையும் ஒட்டி 'கிரவ்லர்' (crowler) ஆக்கினார்கள்.

"வாளின்னா, இந்தத் தூக்குப்போசி மாதிரிங்களா?"

"அதேதாங்க."

அதற்குள் டீக்கடைக்காரர் கொதிக்கும் டீயை ஊற்றிவிடுகிறார். டின் சுடுகிறது. இடக்கை, வலக்கை, சட்டை நுனி என்று மாற்றி மாற்றிப் பிடித்து, பாதி டீயைப் பேன்ட்டுக்குக் கொடுத்துவிட்டு டின்னைத் தரையில் வைக்கிறேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

அக்கா தன் போசியை இரண்டே விரலில் தூக்கிக்கொள்கிறார்.

"ரெண்டு வார்த்தைய ஒட்ட வெச்சவங்க, ஒரு புடிய ஒட்ட வெக்கலீங்களா சார்?"